கழிவும் கடனும்

அசுத்தம் செய்தவனே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி. 1972இல் செல்வந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு இதை வகுத்துக்கொண்டது. 1992இல் ரியோவில் கூடிய நாடுகள் இதை ஏற்றன. 1996இல் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், இது இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. கேட்டவுடன் நியாயம் என்று படுகிற விதி. கொட்டினவன் துடைக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் புரியும்.

இவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளப்படும் விதிகள்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்றால், அது தன்னைக் குறிப்பதாக யாரும் நினைக்கவில்லை என்று பொருள்.

தோல் ஆலைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. முதலாளி இருக்கிறார், உரிமம் இருக்கிறது, கழிவு வெளியேறும் குழாயின் வாய் இருக்கிறது. அதற்குக் கீழே கெட்டுப்போன கிணறும் கிணற்றுக்குச் சொந்தக்காரனும் இருக்கிறார்கள். செய்தவன் ஒரு கரையிலும் பட்டவன் மறு கரையிலும் நிற்கிறார்கள். திருப்பூரில் நொய்யலுக்குச் சாயக்கழிவு போன விஷயத்திலும் அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, யாரை மூடச் சொல்கிறோம் என்பதில் நீதிமன்றத்துக்குக் குழப்பமில்லை. விதி எழுதப்பட்டதே இப்படிப்பட்ட காட்சியை மனத்தில் வைத்துத்தான்.

கூவத்தின் காட்சி வேறு. எழுபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் இந்த ஆற்றின் மேல்பகுதியில் இன்றும் வயலும் ஏரியும் உண்டு. நகரத்துக்குள் நுழைந்தபின் அதில் ஓடுவது பெரும்பாலும் நகரம் கழித்துவிட்ட நீர். இதைச் செய்தது யார் என்று கேட்டால், எல்லோரும்தான் என்று பதில் வருகிறது. பார்க்கப்போனால் இதைவிடச் சௌகரியமான பதில் இல்லை. எல்லோரும் குற்றவாளி என்றால் விசாரணையே தேவையில்லை. பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களில் ஒருவருக்குக்கூட, காலையில் தான் குளித்த தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கலாம் என்று தோன்றுவதில்லை. நாற்றம் ஊருடையது, தன்னுடையதல்ல என்று ஒவ்வொருவரும் நினைக்க முடிகிறது.

இது தனிமனிதனின் மனக்கோளாறு மட்டுமில்லை, இதற்கு ஸ்தூலமான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே குழாய் வளைந்து மேலேறுகிறது. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். அந்த ஒரு சாண் தண்ணீர் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கிறது. நகர நாகரிகத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று இதைச் சொல்ல வேண்டும். நோயைத் தடுத்திருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வைப்பதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் செய்தது. வளைவுக்கு அப்பால் நடப்பவற்றை நம் பிரக்ஞையிலிருந்து துண்டித்துவிட்டது. தண்ணீரை ஊற்றியதும் காரியம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் காரியம் தொடங்குகிறது.

எல்லோரும்தான் என்ற பதிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் அளவு. தெருக்குழாயில் பிடித்துக் குடிப்பவருக்கு அதே கையேடு சொல்லும் அளவு 40 லிட்டர். கொடுத்த தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஐந்து பேர் உள்ள குழாய் வீட்டிலிருந்து தினம் 540 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடிசையிலிருந்து 160 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டி நிரப்பும் அடுக்குமாடிகளை இதில் சேர்க்கவில்லை. ஆக, எல்லோரும்தான் என்பது எண்களின்படியே பொய். ஒருவன் மூன்று மடங்குக்கு மேல் எல்லோராக இருக்கிறான்.

ஆனால் கூவத்தைக் கெடுத்தவர்கள் யார் என்று பேச்சு வரும்போது கை நீளுவது கரையோரக் குடிசைகளின் பக்கம். காரணம் எளியது. அவர்களுடைய கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. குழாய் வீட்டின் கழிவு நிலத்துக்கடியில் போகிறது; வழியில் பாதாளச் சாக்கடை நிரம்பி வழிந்தாலோ, யாரோ மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்புக் கொடுத்திருந்தாலோ, சுத்திகரிப்பு நிலையத்தை எட்டாமலே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. மழையில்லாத மாதத்தில் மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து இடைவிடாமல் ஓடுகிற கறுப்பு நீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதே குற்றம் என்றாகிவிட்ட ஒழுங்கில், மறைக்கத் தெரிந்தவன் நிரபராதி.

1960இல் ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் அதற்காகவும் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தீங்கு என்பது ஒருவழிப் பாதையில்லை, பரஸ்பரமானது என்பது அவர் வாதம். மேய்கிற மாடு பயிரை அழிக்கிறது என்கிறோம். பயிர் அங்கே இல்லாவிட்டால் அழிவு இல்லை. ஆகவே பயிரிட்டவனும் அந்தத் தீங்குக்கு ஒரு காரணம். யார் குற்றவாளி என்று கேட்காதீர்கள், யார் விலகிக்கொண்டால் மொத்த நஷ்டம் குறையும் என்று கேளுங்கள் என்கிறார். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சிரமம். ஆனால் சென்னையில் இந்தத் தர்க்கம் எப்படி நடந்தேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2000இலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் ஆற்றோரத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டன. கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்திலும் முதலில் நகர்ந்தவர்கள் அவர்களே. மீன் விற்றவர்கள், வீட்டுவேலை செய்தவர்கள், கூலிக்குப் போனவர்கள் நகரத்தின் தெற்கு விளிம்பிலிருந்து அதே வேலைக்கு இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பலர் வேலையை இழந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள் உண்டு. கறுப்பு நீர் பழையபடி வடிகாலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. விலகிக்கொள்ள முடிந்தவன் யார் என்ற கேள்விக்கு விடை எப்போதும் பலமில்லாதவன்தான் என்பதைக் கோஸின் தர்க்கம் கணக்கில் எடுப்பதில்லை.

யார் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்குள் போவதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று இதனால்தான் நினைக்கிறேன். இதுவரை யார் செலவு செய்துவந்தார்கள்? யாரும் செய்யவில்லை, அதனால்தான் ஆறு இப்படிக் கிடக்கிறது என்பது பொதுவான நினைப்பு. அது சரியல்ல. செலவு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பணமாக நடக்காததால் பேரேட்டில் ஏறவில்லை.

இடம்பெயர்ந்தவர்கள் தூரமாகக் கொடுத்தார்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்கள் மூச்சாகக் கொடுத்தார்கள். அடைத்துக்கொண்ட சாக்கடையில் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 1993க்குப் பிந்தைய அரசுக் கணக்குகளில் இத்தகைய சாவுகள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. குழிக்குள் இறங்கியவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதன் பொருளாதாரத்தை நேராகச் சொல்லிப் பார்க்கலாம். அடைப்பெடுக்கும் இயந்திரத்துக்கும், அதை ஓட்டுபவருக்கு நியாயமான சம்பளத்துக்கும், உடையாத குழாய்க்கும், நிரம்பி வழியாத சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஆகும் முழுச் செலவை என் வீட்டின் மேல் போட்டால், நான் கட்டும் தொகை இப்போது கட்டுவதைப் போலப் பல மடங்காகும். அது போடப்படவில்லை. அந்த வித்தியாசத்தை யாரோ ஈடுகட்டியிருக்கிறார்கள். குழிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவர் எனக்கு மானியம் கொடுத்திருக்கிறார். ஏழைகளுக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றி முகம் சுளிக்கும் நம் மத்தியதர வர்க்கம், தான் வாங்கிக்கொண்டிருக்கும் இந்த மானியத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அரசாங்கம் கொடுக்கட்டுமே என்று ஒரு பதில் உண்டு. அரசாங்கத்திடம் சொந்தப் பணம் கிடையாது. முதுகுளத்தூரில் சோப்பும் தீப்பெட்டியும் வாங்குகிறவர் கொடுக்கும் வரியும் அந்தப் பணத்தில் சேர்ந்திருக்கிறது. அவர் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. அவர் கூவத்தை ஒருநாளும் கெடுத்ததில்லை. அரசு முழுவதையும் கொடுக்கும்போது அவரும் நமக்காகக் கொடுக்கிறார். எல்லோரும் சமமாக அனுபவிக்கும் பொது நன்மைக்குப் பொதுப்பணம் செலவாவதில் தவறில்லை. ஒரு நகரத்தின் சௌகரியத்தை அந்த வகையில் சேர்க்க முடியுமா என்பதே கேள்வி.

நகரமே தன் செலவை ஏற்றுக்கொண்ட உதாரணம் ஒன்று இருக்கிறது, லண்டன். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல், பார்லிமென்ட் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில் அந்த நகரில் காலராவால் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். அப்போது கிடைக்காத பணம், உறுப்பினர்களின் மூக்கை எட்டியவுடன் சில வாரங்களில் கிடைத்துவிட்டது. முப்பது லட்சம் பவுன் கடன் வாங்க அனுமதி தந்து, லண்டன் வீடுகள்மேல் நாற்பது வருஷத்துக்கு மூன்று பென்ஸ் வரி போட்டு அதை அடைக்க வழி செய்தார்கள். ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டிய சாக்கடைகள் இன்றும் பயன்படுகின்றன. கெடுத்த ஊரே கொடுத்தது என்ற அளவில் இது நம்முடைய ஏற்பாட்டைவிட எவ்வளவோ யோக்கியமானது.

ஆனால் அந்தச் சாக்கடைகள் கழிவை என்ன செய்தன? நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் அப்படியே ஆற்றில் விட்டன. 1878 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை, உல்லாசப் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு, அந்த வாய்களுக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் மோதி மூழ்கியது. சற்று முன்புதான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் கசடைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். பிரித்ததைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டினார்கள். 1998 வரை கொட்டினார்கள். லண்டன்காரர்கள் உரிய பணத்தைக் கட்டியிருந்தார்கள். கட்டிய பணத்துக்கு அவர்கள் வாங்கியது சுத்தமான தண்ணீரை அல்ல, தங்கள் கண்ணிலிருந்து விலகிய கழிவை. வளைந்த குழாய் வீட்டுக்குச் செய்ததை அந்த வரி நகரத்துக்குச் செய்தது.

ஆகவே யார் கொடுப்பது என்பதோடு, கொடுப்பது என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவன் பணம் கொடுப்பதில் மூன்று விதம் உண்டு. ஒன்று, கட்டணம். பணத்தைக் கட்டினால் உரிமை வந்துவிடும்; அதற்கு மேல் கேள்வி இல்லை. இரண்டு, அபராதம். தவறு செய்தாய், அனுபவி என்பது அதன் பொருள். மூன்று, கடனை அடைப்பது.

நகரக் கழிவுக்குக் கட்டணம் பொருந்தாது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அதோடு கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்துக் குடிநீர், கழிவுநீர் வரி. இந்தப் பணம் வீட்டை அளக்கிறது, தண்ணீரை அளப்பதில்லை. ரசீதைப் பெற்றுக்கொண்டவனுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றும் உரிமை வந்துவிடுகிறது. அபராதமும் பொருந்தாது. குளிப்பதும் மலங்கழிப்பதும் குற்றமல்ல. உடம்பு இருப்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. அசுத்தம் செய்தவன் என்ற சொல்லிலேயே குற்றச்சாட்டின் வாடை இருப்பதால்தான், ஒவ்வொருவரும் அதைத் தன்னிடமிருந்து அடுத்தவன்மேல் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

கடன் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. கடன் வாங்கியவன் குற்றவாளியல்ல. ஆனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியவன். சென்னை தன் தண்ணீரைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. 1996இலிருந்து கிருஷ்ணா நதியின் நீர் ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியே வருகிறது. 2004இலிருந்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. அது காவிரி நீர், விவசாயம் நடக்கும் ஏரி. பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரியில் வருகிறது. வந்தபோது அது தெளிந்த நீர். நாம் அதை ஒருநாள் வைத்திருந்து, கறுப்பாக்கி, கூவம் கடலில் சேரும் இடத்தில் விடுகிறோம். பட்டினப்பாக்கத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வலை போடுகிறவர்களிடம் அது போய்ச் சேருகிறது. வாங்கியது ஓர் இடத்தில், தள்ளிவிட்டது வேறொரு இடத்தில். பணம் இந்தக் கடனை அடைக்க ஒரு கருவி மட்டும்தான். கடன் தண்ணீராக வாங்கியது, தண்ணீராகத்தான் தீரும்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. ஏழை என்ன செய்வான் என்பது முதலாவது. கடன் வாங்கிய அளவுக்கு ஏற்றது என்பதே அதற்குப் பதில். உயிர் வாழத் தேவையான தண்ணீரை நான் கடனில் சேர்க்கமாட்டேன். அது பிறந்தவனுக்கு உள்ள பாத்தியதை. நாற்பது லிட்டரில் வாழ்கிறவர்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அவர்களுக்கு வர வேண்டிய பாக்கிதான் இருக்கிறது. தேவைக்கு மேல் ஒவ்வொரு லிட்டருக்கும் கடன் ஏறட்டும், ஏற ஏற விகிதமும் கூடட்டும். அதற்கு முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். அளப்பதை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள் பெயரால் எதிர்க்கிறார்கள். அளக்காததால் இதுவரை லாபம் அடைந்தவர்கள் ஏழைகள் அல்ல.

இரண்டாவது ஆட்சேபம், இந்தச் சீர்கேட்டை நாங்களா தொடங்கினோம் என்பது. உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின், கடலோரமாக வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமாயிற்று. அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைத்தது. கடல் உள்ளே வந்து அலசிவிட்டுப் போக வழியில்லாமல் ஆறு தேங்கியது. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். ஆனால் மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் நாம். துறைமுகத்தால் வளர்ந்த நகரத்தில் வீடும் வேலையும் பெற்றவர்கள் நாம். அப்பன் சொத்தை வாங்கிக்கொண்டு அப்பன் கடனை மறுக்கிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிவுநீரை மேல்நிலையில் சுத்திகரித்து, மணலியிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். நிலையம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். நல்ல காரியம், அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சமாகிறது. கழிவை விற்றுச் செலவை எடுத்துவிட முடியும் என்றால் யாரும் கைப்பணம் போட வேண்டியதில்லை, அப்புறம் தார்மீகக் கேள்வி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் தண்ணீரை இழந்தவர் வீராணத்துக்காரர். சாக்கடைக்குள் இறங்கியவர் வேறொருவர். ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர் இன்னொருவர். விற்ற பணம் இவர்கள் யாரிடமும் திரும்பவில்லை. கடன்காரன் தன் வீட்டை லாபகரமாக நடத்துகிறான் என்பதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்றும் நான் நம்பவில்லை. முப்பது லட்சம் ரூபாய் எந்த மூச்சையும் திருப்பித் தராது. நீதிமன்றத்துக்கும் அது தெரிந்திருக்கும். தீர்க்க முடியாத கடனும் கடன்தான். தீர்க்க முடியாது என்பதால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதுதான் இதுவரை நடந்த தவறு. எடுத்துவிட்டால் மறுபடியும் ஒருவரை இறக்குவது சுலபமாகிவிடுகிறது.

ஆகவே என் பதில் இது. தேவைக்கு மேல் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு வீடும், விடுதியும், அலுவலகமும் தான் எடுத்த அளவுக்குக் கொடுக்க வேண்டும். முதல் செலவு இயந்திரத்துக்கும் அதை இயக்குபவரின் சம்பளத்துக்கும் போக வேண்டும். அடுத்தது கரையிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு. அழகுபடுத்தும் பூங்காவும் நடைபாதையும் அதற்கு அப்புறம். 1960களின் கடைசியில் தொடங்கிய கூவம் சீரமைப்பின்போது படகுத்துறைகளை முதலில் கட்டினோம். துறைகள் கல்லாக இன்னும் நிற்கின்றன. படகு விடத் தண்ணீர்தான் இல்லை.

அரையாண்டுக்கு ஒருமுறை வரும் வரிச்சீட்டில் இப்போது ஒரு தொகையும் கடைசித் தேதியும் மட்டும் இருக்கின்றன. அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். இந்த வீடு வாங்கிய தண்ணீர் இத்தனை லிட்டர். ஆற்றுக்குச் சுத்தமாகத் திரும்பியது இத்தனை லிட்டர். இரண்டாவது வரியில் என்ன எண் வரும் என்று அதைப் படிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். தெரிந்தும் பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தெரியாது என்று சொல்ல முடியாது.